இருண்ட பொருள்: சந்தேகத்தை எங்கே வைப்பது?

பலர் கேட்கும் கேள்வி சுருக்கமாக இதுதான்: "டார்க் மேட்டர் எனும் இருண்ட பொருளை யாரும் பார்த்ததில்லை. தொண்ணூறு வருடமாகத் தேடியும் ஒரு துகள்கூடச் சிக்கவில்லை. கணக்கு இடித்தபோது சமாளிக்க இட்டுக்கட்டியதுதானே இது? பெரும்பான்மை விஞ்ஞானிகள் ஒப்புக்கொண்டார்கள் என்பதற்காக நாமும் ஒப்புக்கொள்ள வேண்டுமா?"

இப்படிக் கேட்பவரை 'அறிவியல் தெரியாதவர்' என்று தள்ளிவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. பல வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுத்து வருகிறேன். வகுப்பில் இந்தச் சந்தேகம் எழாவிட்டால்தான் எனக்குக் கவலை வரும். இதே கேள்வியை முதலில் கேட்டவர்களும் வானியலாளர்கள்தான். நாற்பது வருடம் அவர்களில் பெரும்பாலானவர்கள் இதை ஏற்கவே இல்லை.

ஆனால் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 'இருண்ட பொருள்' என்ற ஒரே பெயருக்குள் இரண்டு தனித்தனிக் கூற்றுகள் இருக்கின்றன. ஒளியை வெளியிடாத, ஒளியை மறைக்கவும் செய்யாத, ஆனால் ஈர்ப்பு விசை உள்ள ஏதோ ஒன்று, சாதாரணப் பொருளைப் போல ஐந்து மடங்குக்கு மேல் அண்டத்தில் இருக்கிறது என்பது ஒன்று. அது இன்ன துகள்தான் என்பது மற்றொன்று. முதல் கூற்றுக்கு ஆதாரம் வலுவானது. இரண்டாவதுக்கு இன்றுவரை ஆதாரமே இல்லை. 'ஒரு துகள்கூடச் சிக்கவில்லை' என்ற குறை இரண்டாவதைத்தான் அடிக்கிறது. முதலாவதை அது தொடுவதே இல்லை.

பாதிக் குழப்பத்துக்குப் பெயரும் ஒரு காரணம். இருண்டது என்றால் கரியைப் போல, புகையைப் போல எதையோ மறைத்துக்கொண்டு நிற்கும் ஒன்றைத்தான் நாம் நினைக்கிறோம். அப்படி இருந்தால் அதற்குப் பின்னால் உள்ள விண்மீன்கள் மங்கித் தெரியும், கண்டுபிடிப்பதும் எளிது. உண்மையில் அது முழுக்க ஒளி ஊடுருவக்கூடியது. காற்றைப் போலத் தெளிவானது என்று சொன்னால் இன்னும் பொருத்தமாக இருக்கும்.

இனி கதைக்கு வருவோம். 1933-இல் வானியலாளர் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, கோமா என்ற கேலக்ஸிக் கொத்தை, அதாவது ஈர்ப்பால் ஒன்றாகக் கட்டுண்ட கேலக்ஸிகளின் கூட்டத்தை, ஆராய்ந்தார். அதில் உள்ள கேலக்ஸிகள் ஒன்றைப் பொறுத்து ஒன்று நொடிக்குச் சுமார் 1000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தன. கண்ணுக்குத் தெரியும் விண்மீன்களின் நிறையால் அவ்வளவு வேகத்தைக் கட்டிவைக்க முடியாது. கொத்து எப்போதோ சிதறியிருக்க வேண்டும். தெரிவதைப் போல 400 மடங்கு நிறை வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். அந்த எண் தவறு. அப்போது அண்டத்தின் விரிவு வேகத்தைப் பற்றி இருந்த மதிப்பு மிகப் பெரியது. அதனால் தொலைவுகள் எல்லாம் பிசகின. அப்புறம் 1970-களில் எக்ஸ்ரே செயற்கைக்கோள்கள் வந்தபோது, இந்தக் கொத்துகள் முழுக்கக் கோடிக்கணக்கான டிகிரிச் சூட்டில் வாயு நிரம்பியிருப்பது தெரிந்தது. அந்த வாயு, விண்மீன்கள் எல்லாவற்றையும் சேர்த்ததைவிடப் பல மடங்கு நிறை உள்ளது. அதாவது காணாமல் போன நிறையில் ஒரு பகுதி சாதாரண வாயுதான். நமக்குத் தெரியாமல் இருந்தது. 'தெரியாத சாதாரணப் பொருளாக இருக்கும்' என்று சந்தேகப்பட்டவர்கள் அந்த அளவுக்குச் சரிதான். எண்ணைத் திருத்தி, வாயுவையும் சேர்த்த பிறகும் ஐந்தாறு மடங்கு இடிக்கிறது. இன்றும் இடிக்கிறது.

ஸ்விக்கி சொன்னதை ஏறத்தாழ நாற்பது வருடம் பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளவில்லை. 'விஞ்ஞானிகள் வசதிக்காக இட்டுக்கட்டினார்கள்' என்ற குற்றச்சாட்டு எனக்கு ஏன் பொருந்தாமல் படுகிறது என்றால் இதனால்தான். இது வேண்டாம் என்றுதான் அவர்கள் இருந்தார்கள்.

1970-இல் வானியலாளர்கள் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா கேலக்ஸியில் ஒளிரும் 67 வாயுப் பகுதிகளின் வேகத்தை அளந்து வெளியிட்டார்கள். அதற்குப் பயன்பட்டது, ஒளியை நிறங்களாகப் பிரித்து அளக்கும் நிறமாலைமானி; மங்கலான ஒளியைப் பெருக்கித் தரும் குழாய் பொருத்தி அதை ஃபோர்டு உருவாக்கினார். 1980-க்குள் இப்படி அளந்தவை 21 கேலக்ஸிகள் ஆயின. இன்னொரு பக்கம் ரேடியோ தொலைநோக்கிகள் ஹைட்ரஜனின் 21 சென்டிமீட்டர் அலையைப் பிடித்து, விண்மீன்கள் முடிந்துபோன இடத்துக்கும் வெகுதூரம் அப்பால் சென்று அளந்தன. எல்லாவற்றிலும் ஒரே கதை.

அந்தக் கதையை நான் நம்பியது பாடப்புத்தகத்தைப் படித்ததால் அல்ல. மாணவனாக இருந்தபோது என்ஜிசி 3198 என்ற கேலக்ஸியின் அளவீடுகளைக் கொடுத்து வரைபடம் போடச் சொன்னார்கள். சப்தரிஷி மண்டலத்தின் திசையில் இருக்கும் கேலக்ஸி அது. மையத்திலிருந்து தூரம் கிடை அச்சில், சுழலும் வேகம் நிலை அச்சில். சூரியக் குடும்பத்துக்கு இதே வரைபடம் போட்டால் எப்படி இருக்கும் என்று முன்பே தெரியும்: புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர், பூமி 30, நெப்டியூன் 5.4. தூரம் கூடக் கூட வேகம் இறங்கிக்கொண்டே போகும், ஏனென்றால் நிறை முழுக்க நடுவில் சூரியனில் இருக்கிறது. என்ஜிசி 3198-இல் புள்ளிகள் முதலில் ஏறின. நொடிக்கு 150 கிலோமீட்டருக்கு வந்தன. அப்புறம் இறங்கவே இல்லை. விண்மீன்களின் ஒளி மங்கி மறைந்த இடத்தைத் தாண்டினேன், 150. இன்னும் வெளியே, மையத்திலிருந்து சுமார் ஒரு லட்சம் ஒளியாண்டு தூரத்தில், அங்கும் 150. பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போகும்போது, அடுத்த புள்ளியாவது இறங்கும் என்று கை தானாகவே தாளில் கொஞ்சம் கீழே போகும். இறங்காது. விண்மீன்களையும் வாயுவையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டால், அந்தக் கடைசிப் புள்ளியில் வேகம் ஏறத்தாழப் பாதியாக இருக்க வேண்டும். நிறை, வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வருவது. வேகம் பாதி என்றால் நிறை கால் பங்கு. அந்த வட்டத்துக்குள் இருக்கும் நிறையில் ஏறத்தாழ முக்கால் பங்கு எந்தத் தொலைநோக்கிக்கும் தெரியவில்லை என்று பொருள்.

'அவ்வளவு இருந்தால் நம் பக்கத்தில் ஏன் உறைக்கவில்லை?' என்று வகுப்பில் கேட்பார்கள். நல்ல கேள்வி, விடை எண்ணில்தான் இருக்கிறது. நாம் இருக்கும் இடத்தில் இருண்ட பொருளின் அடர்த்தி, மூன்று கன சென்டிமீட்டருக்கு ஒரு புரோட்டானின் நிறை என்ற அளவில்தான் வருகிறது. பூமியின் கொள்ளளவு முழுவதையும் எடுத்துக்கொண்டால், ஒரு நேரத்தில் அதற்குள் இருக்கும் மொத்த இருண்ட பொருள் அரைக் கிலோவைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். நெப்டியூன் பாதை வரையிலான கோளத்தை எடுத்தாலும், சூரியனின் நிறையில் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கு. கோள்களின் ஓட்டத்தில் அது தெரியவே தெரியாது. கேலக்ஸி அளவுக்குப் போகும்போது, விண்மீன்களுக்கு இடையே உள்ள பிரம்மாண்டமான வெற்றிடத்தை எல்லாம் இது மெல்லியதாக நிரப்பியிருப்பதால், கூட்டுத்தொகை விண்மீன்களை மிஞ்சிவிடுகிறது.

வெறும் சுழற்சி வேகம் மட்டும்தான் ஆதாரம் என்றால் நானும் உங்கள் பக்கம்தான் நின்றிருப்பேன். ஈர்ப்பு விதியே அந்தத் தூரங்களில் வேறு மாதிரி இருக்கலாமே? இதை முறையாகக் கேட்டவர் இஸ்ரேல் இயற்பியலாளர் மோர்தஹாய் மில்க்ரோம், 1983-இல். முடுக்கம் ஒரு குறிப்பிட்ட மிகச் சிறிய அளவுக்குக் கீழே போனால் நியூட்டனின் விதி மாறுகிறது என்றார். மாண்ட் என்று அதற்குப் பெயர். ஒரே ஒரு புதிய எண்ணை வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான கேலக்ஸிகளின் சுழற்சி வரைபடத்தை அது அப்படியே சொல்லிவிடுகிறது. 2016-இல் ஸ்டேசி மெக்காவும் உடன் பணியாற்றியவர்களும் 153 கேலக்ஸிகளை எடுத்து, கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்புக்கும் அளந்த முடுக்கத்துக்கும் இடையே மிக இறுக்கமான உறவு இருப்பதைக் காட்டினார்கள். இருண்ட பொருளை ஏற்பவர்கள் இதற்கு இன்னும் மனநிறைவான விளக்கம் தரவில்லை என்பது என் கருத்து. ரூபினே, கடைசியில் நியூட்டன் விதிதான் திருத்தப்பட வேண்டியது என்று தெரியவந்தால் நல்லது என்று வெளிப்படையாகச் சொன்னவர்தான்.

மாண்ட் தடுக்கி விழுவது கேலக்ஸியை விட்டு வெளியே வந்ததும். கேலக்ஸிக் கொத்துகளில் அந்தத் திருத்திய விதியைப் போட்டாலும் நிறை ஏறத்தாழப் பாதிதான் தேறுகிறது. மீதிக்கு அங்கேயும் தெரியாத பொருள் ஒன்று வேண்டியிருக்கிறது. சுமார் 370 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கொத்துகள் மோதி ஒன்றை ஒன்று ஊடுருவிச் சென்ற இடம் ஒன்று இருக்கிறது. புல்லட் கொத்து என்பார்கள். மோதலில் கேலக்ஸிகள் ஒன்றுக்கொன்று இடிக்காமல் விலகிப் போய்விட்டன, ஏனென்றால் அவற்றுக்கு நடுவே இடம் அதிகம். வாயு அப்படிப் போக முடியாது. வாயுவோடு வாயு மோதிச் சூடேறி, வேகம் குறைந்து, நடுவில் தேங்கிவிட்டது. சாதாரணப் பொருளில் பெரும்பங்கு அந்த வாயுதான். ஆகவே ஈர்ப்பு வாயு இருக்கும் இடத்தில்தான் பலமாக இருக்க வேண்டும். பின்னணியில் உள்ள கேலக்ஸிகளின் ஒளி எங்கே எவ்வளவு வளைகிறது என்று 2006-இல் அளந்து பார்த்தபோது, ஈர்ப்பு பலமாக இருந்தது வாயு தேங்கிய நடுவில் அல்ல. இருபுறமும் விலகிப்போன கேலக்ஸிகளோடு. இடிபடாமல் ஊடுருவிச் சென்ற ஒன்று அங்கே இருக்கிறது. இதைக் கண்டதும் மாண்ட் செத்துவிட்டது என்று எழுதியவர்கள் அவசரப்பட்டார்கள். ஆனால் தெரியாத பொருளே இல்லாத மாண்டுக்கு இது பெரிய இடி.

இதைவிட என்னை உறுதியாக நம்பவைத்தது அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு. அண்டம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் ஆனபோது கிளம்பிய ஒளி அது. அதில் லட்சத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சூட்டு வேறுபாடுகள் உள்ளன. அந்த வேறுபாடுகள் அப்போதைய சூடான வாயுவில் ஓடிய ஒலி அலைகளின் தடம். சாதாரணப் பொருள் ஈர்ப்பால் உள்ளே விழும், ஒளியின் அழுத்தம் அதை வெளியே தள்ளும், மறுபடி விழும். ஒளியின் அழுத்தத்தை உணராத பொருள் ஒன்று இருந்தால் அது தள்ளப்படாமல் விழுந்துகொண்டே இருக்கும். இந்த இரண்டும் எந்த விகிதத்தில் கலந்திருக்கின்றன என்பது அந்த அலைகளின் உயரத்தில், குறிப்பாக மூன்றாவது உச்சியில், தெரிந்துவிடும். பிளாங்க் விண்கலம் அளந்து சொன்னது: அண்டத்தின் மொத்தப் பொருளிலும் ஆற்றலிலும் சாதாரணப் பொருள் சுமார் 5 சதவீதம், இருண்ட பொருள் சுமார் 27 சதவீதம்.

இந்த 5 சதவீதத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். அதே எண் இன்னொரு வழியிலும் வருகிறது. பெருவெடிப்பின் முதல் சில நிமிடங்களில் டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன் எவ்வளவு மிஞ்சும் என்பது, அப்போது சாதாரணப் பொருள் எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதைப் பொறுத்தது. தூரத்துப் பழைய வாயு மேகங்களில் பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுவுக்குச் சுமார் 25 டியூட்டீரியம் இருப்பதை அளந்திருக்கிறார்கள். அதிலிருந்து கணக்குப் போட்டாலும் 5 சதவீதம்தான் வருகிறது. ஒன்று அணுக்கரு வினை, மற்றொன்று ஒலி அலை. ஒன்று முதல் சில நிமிடம், மற்றொன்று 3,80,000 ஆண்டு. கொத்துகளை எடைபோடுவதோ மூன்றாவது வழி. ஒரு கணக்கை ஒட்டுப்போட்டுச் சமாளிக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பே இல்லாத மூன்று கணக்குகளுக்கு ஒரே ஒட்டு, அதுவும் ஒரே அளவில், எப்படிப் பொருந்தும்? 'இட்டுக்கட்டியது' என்பவர்களிடம் நான் திரும்பக் கேட்பது இதைத்தான்.

நேர்மையாகச் சொன்னால், 2021-இல் ஸ்கோர்டிஸ், ஸ்வோஷ்னிக் என்ற இருவர் இந்தக் கதிர்வீச்சுக்கும் பொருந்தும் மாண்ட் வடிவம் ஒன்றைக் கொடுத்தார்கள். ஆனால் அதில் அவர்கள் சேர்த்த புதிய புலம், ஆரம்ப அண்டத்தில் இருண்ட பொருளைப் போலவேதான் நடந்துகொள்கிறது. வாசல் வழியாக வெளியே அனுப்பியது ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

தெரியாத பொருளா, மாறிய விதியா என்ற இந்தச் சண்டை வானியலுக்குப் புதிதல்ல. யுரேனஸின் பாதை பிசகியபோது, வெளியே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்று பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கணக்கிட்டுச் சொன்னார். 1846-இல் பெர்லினில் காலே என்ற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள் நெப்டியூன் இருந்தது. அதே லெ வெரியே புதனின் பாதையில் பிசகு இருப்பதை 1859-இல் சொன்னபோது, உள்ளே வல்கன் என்ற கோள் இருக்கும் என்று கருதினார். பார்த்துவிட்டோம் என்று சொன்னவர்கள்கூட இருந்தார்கள்! கோள் இல்லை. நூற்றாண்டுக்கு 43 ஆர்க்செகண்ட் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3600-இல் ஒரு பங்கு) என்ற அந்தப் பிசகை 1915-இல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்பு விதிதான் தீர்த்தது. ஒரே ஆள், ஒரே யுக்தி, ஒருமுறை வெற்றி, மறுமுறை தோல்வி. அதனால் யுக்தியை வைத்து யாரையும் மட்டம் தட்ட முடியாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

துகள் சிக்காத விஷயத்தில் உங்கள் கோபம் நியாயமானதே. 1990-களிலிருந்து, கனமான, மிக அரிதாகவே மோதும் ஒருவகைத் துகள்தான் இது என்று பலர் ஏறத்தாழ முடிவே கட்டியிருந்தார்கள். துகள்களை மோதவிட்டு ஆராயும் பெரிய ஹேட்ரான் மோதுவியில் இதோ கிடைத்துவிடும் என்றார்கள். கிடைக்கவில்லை. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் தரைக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் அடியில் பத்து டன் திரவ செனான் வைத்துக் காத்திருக்கும் எல்இசட் சோதனை, 280 நாள் தரவை 2024-இல் அறிவித்தது. ஒன்றும் இல்லை. இத்தாலியில் டாமா குழு, பருவத்துக்கு ஏற்பக் கூடிக் குறையும் ஒரு சமிக்ஞை தங்கள் படிகக் கருவியில் தெரிவதாகப் பல வருடமாகக் காட்டி வருகிறது. அதே வகைப் படிகத்தை வைத்து மற்றவர்கள் செய்து பார்த்தபோது அது வரவில்லை. அந்தக் காலத்தில் வாக்குறுதி கொடுத்தவர்கள் 'இது நம் ஆசை' என்று சொல்லியிருக்க வேண்டும். 'இது நமக்குத் தெரியும்' என்ற குரலில் சொன்னார்கள். மக்களின் நம்பிக்கை தேய்ந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன். அதே நேரம், இயற்பியலாளர் பவுலி 1930-இல் ஊகித்த நியூட்ரினோ என்ற துகள் 1956-இல்தான் பிடிபட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும். சிக்காமல் இருப்பது இல்லாததற்கு அடையாளம் ஆகாது. எந்த வகைத் துகள் இல்லை என்பதைத்தான் அது கழித்துக்கொண்டே வருகிறது.

சரி, பெரும்பான்மை விஷயம். பெரும்பான்மை தவறியிருக்கிறது, மறுக்க முடியாது. 1935-இல் 24 வயது சந்திரசேகர், எரிபொருள் தீர்ந்து சுருங்கிய வெண்குறு விண்மீனுக்கு ஒரு நிறை வரம்பு உண்டு என்ற தன் கணக்கை லண்டனில் சொன்னபோது, புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் அவையிலேயே அதை எள்ளி ஒதுக்கினார். சந்திரசேகரின் கணக்கு சரி என்று உள்ளுக்குள் ஒப்புக்கொண்ட பெரிய இயற்பியலாளர்கள்கூட வெளியே வாய் திறக்கவில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம் அது. அவருக்கு நோபல் 1983-இல்தான் வந்தது. மாண்ட் பக்கம் வேலை செய்பவர்களுக்கு இன்று வேலையும் நிதியும் கிடைப்பது கடினம் என்ற புகாரிலும் உண்மை இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

ஆனால் பெரும்பான்மை சடாரென்று திரும்பியதும் உண்டு. அண்டத்தின் விரிவு மெல்ல மெல்லக் குறைந்து வருகிறது என்றுதான் 1998 வரை ஏறத்தாழ எல்லோரும் நினைத்தார்கள். ஒன்றோடொன்று போட்டி போட்ட இரண்டு குழுக்கள், விரிவு வேகமெடுக்கிறது என்று அளந்து சொன்னதும் சில வருடங்களில் கருத்து தலைகீழானது. 2011-இல் ஓபரா குழு, நியூட்ரினோக்கள் ஒளியை முந்தி 60 நானோநொடி முன்னதாக வந்துவிட்டன என்று அறிவித்தபோது, அவர்களை யாரும் வாயடைக்கவில்லை. உலகம் முழுக்க அதைச் சோதித்தார்கள். சரியாகப் பொருத்தாத ஒரு ஒளியிழை இணைப்புதான் பெரிய காரணம் என்று அந்தக் குழுவே கண்டுபிடித்துச் சொன்னது.

ஆகவே 'எத்தனை பேர் ஒப்புக்கொண்டார்கள்' என்பதை நான் பார்ப்பதில்லை. அவர்கள் எத்தனை தனித்தனி வழியில் அங்கே வந்து சேர்ந்தார்கள், எது நடந்தால் மனம் மாறுவார்கள் என்று பார்ப்பேன். அடுத்தமுறை 'இருண்ட பொருள் இல்லை என்று நிரூபணம்' என்ற தலைப்பைப் பார்த்தால், அந்தப் புதிய கருத்து கேலக்ஸிச் சுழற்சியை மட்டும் விளக்குகிறதா, பின்னணிக் கதிர்வீச்சையும் புல்லட் கொத்தையும் டியூட்டீரியத்தையும் சேர்த்து விளக்குகிறதா என்று தேடுங்கள். பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடும். 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதியதிலிருந்து ஈர்ப்பலையும் காமாக் கதிரும் 13 கோடி ஒளியாண்டு பயணம் செய்து, 1.7 நொடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. ஈர்ப்பலை ஒளியின் வேகத்தில் ஓடாது என்று சொன்ன மாற்று ஈர்ப்புக் கொள்கைகள் பல அந்த ஒரே அளவீட்டில் விழுந்தன. அப்படி விழக்கூடிய இடத்தில் தன்னை வைத்துக்கொண்டவைதான் அவை, அதனால் எனக்கு அவற்றின் மேல் மரியாதை உண்டு.

இன்னும் தீராத சண்டை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒன்றை ஒன்று மிகத் தள்ளி இருந்து சுற்றும் இரட்டை விண்மீன்களில் இருண்ட பொருளுக்கு வேலையே இல்லை. மாண்ட் சரி என்றால் மட்டும் அவற்றின் வேகம் கூடும். கயா விண்கலத்தின் தரவை வைத்து 2023-இல் சே என்ற கொரிய ஆய்வாளர் வேகம் கூடுகிறது என்றார். பானிக் தலைமையிலான குழு, அதே விண்கலத்தின் தரவை வைத்து, நியூட்டன் விதிதான் பொருந்துகிறது என்றது. எந்த இரட்டைகளில் மறைந்த மூன்றாவது விண்மீன் இருக்கிறது என்று சலித்தெடுப்பதில்தான் பிரச்சினை.

இன்னொரு சோதனை, எனக்கு மிகப் பிடித்தது, நம் பால்வெளியிலேயே இருக்கிறது. சிதைந்த விண்மீன் கொத்துகள் வானில் நீண்ட மெல்லிய ஓடைகளாகக் கிடக்கின்றன. விண்மீனே இல்லாத இருண்ட பொருள் உருண்டை ஒன்று ஓடையைக் கடந்து போயிருந்தால், அங்கே ஓர் இடைவெளி விழும். ஈர்ப்பு விதிதான் மாறியிருக்கிறது என்றால் அப்படிப்பட்ட உருண்டைகளே இருக்கக் கூடாது. ஜிடி-1 என்ற ஓடையில் இடைவெளி இருப்பது 2018-இல் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ஓர் ஓடையை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. மங்கலான பல ஓடைகள் வேண்டும். அவற்றைத் தேடக்கூடிய 8.4 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி சிலியின் மலையுச்சியில் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. அதற்கு வேரா ரூபினின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். பத்து வருடம் வானத்தைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கப் போகிறது. ஓடைகளின் பட்டியல் வரும்போது நான் முதலில் தேடப்போவது அந்த இடைவெளிகளைத்தான்.